இன்ஜின் போன பைக்கை ரெடி பண்றதா, வித்துடறதா? அடிக்கடி கேக்கற கேள்விகள்

போன வருஷம் திண்டுக்கல்லுல இருந்து கரூர் போற வழியில, வேடசந்தூர் தாண்டி எங்கப்பாவோட 100 சிசி பைக் (2012 மாடல்) ஓடிட்டு இருக்கும்போதே சடார்னு இழுத்து நின்னுடுச்சு, கிக்கரை மிதிச்சா கல்லு மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் நாங்க பட்ட குழப்பத்துல கத்துக்கிட்டதையும், தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் பட்டறையில உக்காந்து பாத்ததையும் வச்சு, இதே நிலைமையில இருக்கறவங்க எங்கிட்ட கேட்டுட்டே இருக்கற கேள்விகளுக்கு இங்க மொத்தமா பதில் எழுதறேன்.

மெக்கானிக் "இன்ஜின் போச்சு"ன்னு சொல்லிட்டாரு. வித்துடலாமா?

இன்னைக்கே முடிவு பண்ணாதீங்க. "இன்ஜின் போச்சு"ங்கறது ஒரு வியாதியோட பேரு இல்ல. பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரிங் தேஞ்சு புகை தள்ளினாலும் அதைத்தான் சொல்வாங்க, பிஸ்டன் ஏறி இறங்கறதை சுத்தறதா மாத்தற கிராங்க் உடைஞ்சாலும் அதைத்தான் சொல்வாங்க, ரெண்டுக்கும் செலவு மலைக்கும் மடுவுக்கும். எங்க பைக்கை குட்டி யானையில ஏத்திட்டு வந்து இறக்கின அன்னைக்கே ஒருத்தர் 9,000 தரேன் இப்பவே தூக்கிக்கறேன்னு நின்னாரு. அப்பா மனசு விட்டுப்போய் சரின்னு தலையாட்டப் போயிட்டாரு. என்ன போயிருக்குன்னு தெரியாம வித்தா வாங்கறவர் நினைக்கற விலைதான் விலை, உங்ககிட்ட பேசறதுக்கு ஒண்ணும் இருக்காது.

கிக்கர் இறங்கவே மாட்டேங்குது, கண்டிப்பா பிஸ்டன் ஜாம்தானா?

பெரும்பாலும் அதுதான், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள்ள இறுகிப் பிடிச்சுக்கறது, ஆனா எப்பவும் அது இல்ல. முதல்ல கீ ஆஃப்ல வச்சு டாப் கியர் போட்டு பின் வீலை கையால முன்னாடி பின்னாடி உருட்டிப் பாருங்க. வீலோட சேந்து இன்ஜின் சுத்துதுன்னா இன்ஜின் நல்லாத்தான் இருக்கு, கிக்கர் ஷாஃப்ட்டோ அதோட பல்லோதான் மாட்டியிருக்கு, அது சின்ன வேலை. அப்பவும் சுத்தலைன்னா ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிட்டு மறுபடி உருட்டுங்க. பிளக் கழட்டினதும் சுத்துதுன்னா உள்ள தண்ணியோ பெட்ரோலோ நிறைஞ்சிருக்கலாம், கார்புரேட்டர் பைக்ல பெட்ரோல் வர்றதை அடைக்கற ஃப்ளோட் ஊசி சரியா மூடாம ராத்திரி முழுக்க பெட்ரோல் இறங்கி இப்படி ஆகறதுண்டு. பிளக் கழட்டியும் அசையலைன்னாதான் ஜாம்னு நம்பலாம். அந்த நிலைமையில பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊற வச்சு மறுநாள் மெதுவா அசைச்சுப் பாப்பாங்க, ரொம்ப நாள் நிறுத்தி வச்சு துரு பிடிச்ச வண்டிக்கு இது நிறைய உதவும். ஓடும்போது பிடிச்ச வண்டிக்கு விடுபட்டாலும் உள்ள கோடு விழுந்திருக்கும், விடுபட்டுச்சேன்னு ஸ்டார்ட் பண்ணி ஓட்டிடாதீங்க. அதே மாதிரி கிக்கர்ல ஏறி நின்னு குதிக்கறது, தள்ளி ஸ்டார்ட் பண்றது ரெண்டும் வேண்டவே வேண்டாம், 2 பாகம் போன இடத்துல 5 பாகம் போகும்.

இன்ஜினைத் திறக்காம எவ்வளவு தெரிஞ்சுக்க முடியும்?

நிறையவே. இது ஏன் முக்கியம்னா, திறந்து போட்டு சாக்குல கட்டின இன்ஜினோட நிக்கற வண்டிக்கு விலை இன்னும் கீழ இறங்கும், ஏதாவது பாகம் காணாம போயிருக்கும்னு வாங்கறவர் பயப்படுவாரு. அதனால முதல்ல வெளியில இருந்து பாக்கற சோதனையெல்லாம் முடிச்சிடணும்.

எங்க மெக்கானிக் அண்ணன் முதல்ல செஞ்சது ஆயில் வடிச்சதுதான். இன்ஜினுக்கு அடியில ஒரு பழைய தட்டு வச்சு போல்ட்டைக் கழட்டினாரு, ஒரு லிட்டர் அளவுக்கு வர வேண்டிய இடத்துல கால் லிட்டர் கூட வரல, வந்ததும் தார் மாதிரி கெட்டியா கருப்பா நூல் விட்டு இறங்குச்சு. அதை ஒரு வெள்ளை பனியன் துணியில தடவி வெயில்ல காட்டினாரு, அங்கங்க வெள்ளியா மினுங்குச்சு. அப்புறம் பழைய ஸ்பீக்கர்ல இருந்து எடுத்த காந்தத்தை அந்த ஆயில்ல விட்டு எடுத்தாரு, காந்தத்துல ஒண்ணும் ஒட்டல. "ஒட்டலைன்னா அலுமினியம் தம்பி, பிஸ்டன், ஹெட்டு பக்கம்தான் போயிருக்கும். ஒட்டியிருந்தா பேரிங்கு, கியரு, அது அடி வரைக்கும் வேலை"ன்னு சொன்னாரு. நூத்துக்கு நூறு இதை வச்சே சொல்லிட முடியாது, ஆனா மேல் வேலையா அடி வேலையான்னு ஒரு நல்ல தடயம் கிடைச்சிடும்.

வண்டி ஜாம் ஆகாம சும்மா சுத்துதுன்னா பிளக் ஓட்டையில கட்டை விரலை அழுத்தி வச்சு இன்னொருத்தரை கிக்கரை மிதிக்கச் சொல்லுங்க. விரலைத் தள்ளி விடற மாதிரி காத்து வரணும், வரலைன்னா கம்ப்ரஷன் (உள்ள காத்தை அழுத்தற சக்தி) இல்ல. பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுட்டு மறுபடி மிதிக்கும்போது காத்து ஏறினா ரிங்கோ, போரோ (பிஸ்டன் ஏறி இறங்கற சிலிண்டரோட உள்சுவர்) தேஞ்சிருக்கு. ஏறவே இல்லைன்னா வால்வு பக்கம் பாக்கணும், டைமிங் செயின் அறுந்து வால்வு வளைஞ்சிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

சத்தத்தை வச்சு சொல்ல முடியுமா?

ஓடற வண்டின்னா ஓரளவுக்கு. ஹெட்டுல இருந்து டிக் டிக்னு வந்தா வால்வைத் திறந்து மூடற டேப்பெட், ராக்கர், கேம் ஷாஃப்ட். ஸ்டார்ட் பண்ணின உடனே சரசரன்னு இழுக்கற மாதிரி இருந்தா டைமிங் செயின். அடியில இருந்து டொக் டொக்னு கனமா, ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது கூடிட்டே வந்தா கனெக்டிங் ராடு பேரிங், அதுதான் பயப்பட வேண்டிய சத்தம். சைலன்சர்ல நீலப் புகை வந்தா ஆயில் எரியுது.

மேல் வேலை, அடி வேலைன்னா என்ன? செலவு ஏன் இவ்வளவு வித்தியாசம்?

ஹெட் (சிலிண்டருக்கு மேல இருக்கற மூடி), வால்வு, கேம், பிளாக் (சிலிண்டர்), பிஸ்டன், ரிங் இதெல்லாம் மேல் வேலை. நிறைய பைக்ல, குறிப்பா 100 சிசி வண்டிகள்ல, இன்ஜினை ஃப்ரேம்ல இருந்து இறக்காமலே முடிச்சிடலாம். கிராங்க், கனெக்டிங் ராடு, கியர் பாக்ஸ், பேரிங் எல்லாம் அடி வேலை, அதுக்கு இன்ஜினை இறக்கி கேஸை (இன்ஜினோட அடிக்கூடு) ரெண்டா பிரிக்கணும், கிராங்கை லேத்துக்கு அனுப்பி பிரஸ் பண்ணி புது ராடு போட்டு அலைன்மெண்ட் பாக்கணும், கூலி அப்படியே ஏறிடும். மேல் வேலையோட நின்னா ரிப்பேர் பக்கம் யோசிங்க, அடி வரைக்கும் போயிருந்தா கணக்கு போட்டே ஆகணும், கேஸே வெடிச்சிருந்தா அநேகமா விக்கறதுதான் சரி. ஏன்னா இன்ஜின் நம்பர் அடிச்சிருக்கறது அந்தக் கேஸ்லதான். பிளாக், ஹெட் மாத்தினா எந்தப் பிரச்சனையும் இல்ல, கேஸை மாத்தினா ஆர்.சி.ல இருக்கற நம்பரும் வண்டியில இருக்கற நம்பரும் வேற வேற ஆயிடும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைக்கும் போகணும்.

"ரிங் மட்டும் மாத்துனா போதும், கம்மியில முடிச்சிடலாம்"ங்கறாரு. நம்பலாமா?

பிளாக்கைக் கையில வாங்கிப் பாருங்க. உள்பக்கம் விரல் நகத்தை மேல இருந்து கீழ இழுங்க, அப்புறம் குறுக்க இழுங்க. வழுவழுன்னு போனா ரிங் மட்டும் போட்டுப் பாக்கலாம். நகம் எங்கயாவது தட்டுச்சுன்னா கோடு ஆழமா விழுந்திருக்கு, அங்க புது ரிங் போட்டா கொஞ்ச நாள்லயே மறுபடி புகை தள்ளும், ரெண்டாவது தடவை கூலி தண்டம். எங்க பிளாக்ல எக்ஸாஸ்ட் பக்கம் 3 கோடு, நகம் நல்லாவே மாட்டுச்சு. அதனால ரீபோர் பண்ணோம். வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உள்குழாய்) இருக்கற பிளாக்கை லேத்துல கடைஞ்சு கொஞ்சம் பெருசாக்கி 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர்னு ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவாங்க. ஏற்கனவே ஒரு தடவை போர் பண்ணியிருந்தா பிஸ்டன் தலையில அந்த சைஸ் அடிச்சிருக்கும், கடைசி சைஸ்ல இருந்தா அடுத்த தடவை பிளாக்கே மாத்தணும்.

எல்லா பைக்குக்கும் ரீபோர் கிடையாது. யமஹா ஆர்15 மாதிரி டயாசில் (அலுமினியம்-சிலிக்கான் கலவை) சிலிண்டர் இருக்கறதுல ஸ்லீவே இல்ல, கோடு விழுந்தா பிளாக்கோட மாத்தறதுதான் வழி, அந்த விலையைக் கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

சரி, கணக்கு எப்படி போடறது?

3 விலை வேணும். ஒண்ணு, வண்டி இப்ப இருக்கற நிலைமையில எவ்வளவுக்குப் போகும். ரெண்டு, ரிப்பேருக்கு எவ்வளவு ஆகும். மூணு, அதே மாடல் அதே வருஷம் நல்லா ஓடற வண்டி உங்க ஊர்ல எவ்வளவுக்குப் போகுது. மூணாவதுல இருந்து ரெண்டாவதைக் கழிங்க, மிச்சம் முதல் விலையை விட நல்லா ஜாஸ்தியா இருந்தா ரெடி பண்ணுங்க, அதுக்கப்புறம் வித்தாலும் லாபம்தான். எங்களுக்கு ரீபோர், பிஸ்டன் செட், கேம் ஷாஃப்ட், ராக்கர், டைமிங் செயின், பேக்கிங் செட், ஆயில், கூலி எல்லாம் சேத்து 7,800 ஆச்சு. ஓடற வண்டி எங்க ஊர்ல 22,000க்குப் போச்சு, கழிச்சா 14,200, ஆனா அப்படியே தூக்கிக்கறேன்னு சொன்ன விலை 9,000. அதனால ரெடி பண்ணோம்.

என் ஃப்ரெண்டுக்கு நேர் எதிரா வந்துச்சு. அவனோடது 150 சிசி, கிராங்க் போய் கியர் பாக்ஸும் அடி வாங்கி கேஸ்ல விரிசல், எஸ்டிமேட் 21,000. ஓடற வண்டி ரேட் 28,000, அப்படியே குடுத்தா 10,000. ரெடி பண்ணா 7,000தான் மிஞ்சும், அதுவும் எஸ்டிமேட்டுக்குள்ள முடிஞ்சாத்தான். அவனுக்கு அது முதல் சம்பளத்துல வாங்கின வண்டி, ரெண்டு நாள் சரியா சாப்பிடல, ஆனா வித்தது சரின்னு நானும்தான் சொன்னேன்.

இதுல ஒரு விஷயம், நீங்க விக்கப் போறதில்ல ஓட்டத்தான் போறீங்கன்னா இந்தக் கணக்கு மட்டும் பத்தாது. 7,800 போட்டு இன்னும் 2 வருஷம் ஓடுச்சுன்னா மாசம் 325 ரூபாதான் ஆகுது, அந்தக் காசுக்கு எந்த இஎம்ஐயும் கிடைக்காது. அதே சமயம் டயர், செயின் ஸ்ப்ராக்கெட், ஷாக் அப்சார்பர், பேட்டரின்னு அடுத்தடுத்து செலவு வரிசையில நிக்குதான்னும் நேர்மையா பாக்கணும். புது வண்டி விலையையும் இன்னைக்கு ரேட்ல விசாரிங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் பைக்குக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 சதவீதமா இறங்கியிருக்கு, அதுக்கு முன்னாடி யாரோ சொன்ன ரேட்டை மனசுல வச்சு கணக்கு போடாதீங்க.

எஸ்டிமேட் கொடுக்கற மெக்கானிக்கே "ரெடி பண்றது வேஸ்ட், நானே எடுத்துக்கறேன்"னு சொல்றாரு...

நல்ல எண்ணத்துலயும் சொல்லலாம். ஆனா வாங்கறவரே வியாதியும் சொன்னா அந்த விலையை அப்படியே எடுத்துக்க முடியாது. அப்படியே விக்கற விலையை வேற ரெண்டு பேர்கிட்ட கேளுங்க, எஸ்டிமேட்டையும் இன்னொரு பட்டறையில காட்டுங்க. திறக்கறதுக்கு முன்னாடியே "திறந்து பாத்துட்டு வேண்டாம்னா கூலி எவ்வளவு"ன்னு வாய் விட்டுக் கேட்டுடுங்க. என்னென்ன மாத்தணும், ஒரிஜினலா லோக்கலா, ஒவ்வொண்ணும் என்ன விலைன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்குங்க, கழட்டின பழைய பாகங்களை ஒரு பைல போட்டுத் தரச் சொல்லுங்க. நான் முதல்ல போன ஒரு கடையில வாயாலயே 15,000ன்னு சொன்னாங்க, எதெதுக்குன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் திறந்தாத்தான் தெரியும்"னாங்க. திறந்தாத்தான் தெரியும்னா 15,000 எங்க இருந்து வந்துச்சு? வண்டியைத் திருப்பி எடுத்துட்டு வந்துட்டேன்.

புதுப்பேட்டையில பழைய இன்ஜின் வாங்கி மாட்டிக்கலாமா?

சென்னையில புதுப்பேட்டை, ஜி.பி. ரோடுன்னு போனா கிடைக்காத ஸ்பேர் கிடையாது. பிளாக், ஹெட், கவர் மாதிரி நம்பர் இல்லாத பாகம் வாங்குங்க, தப்பில்ல. முழு இன்ஜின்னா அது எந்த வண்டியோடதுன்னு பேப்பர் கேளுங்க, பில் இல்லைன்னா விட்டுடுங்க, திருட்டு வண்டியோட இன்ஜினா இருந்தா போலீஸ் ஸ்டேஷனுக்கு நீங்கதான் நடக்கணும். பில் இருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லி ஆர்.சி.ல இன்ஜின் நம்பர் மாத்தணும், அதைச் செய்யாம விட்டா இன்சூரன்ஸ் கிளெய்ம்லயும் இழுக்கும், விக்கப் போறப்பவும் இழுக்கும்.

இன்சூரன்ஸ்ல கிடைக்குமா?

தேய்மானம், ஆயில் இல்லாம ஜாம் ஆனதுக்கெல்லாம் கிடைக்காது. ஆக்சிடென்ட்ல அடிபட்டு இன்ஜின் போயிருந்தா, ஃபுல் இன்சூரன்ஸ் இருந்தா, கேக்கலாம். வண்டி புதுசுன்னா இன்சூரன்ஸுக்கு முன்னாடி வாரண்டியைப் பாருங்க, சர்வீஸ் புக் சரியா இருந்தா சண்டை போட்டாவது வாங்குங்க.

மழை வெள்ளத்துல மூழ்கின வண்டி, ஸ்டார்ட் ஆகல, இன்ஜின் போச்சா?

தண்ணியோட ஸ்டார்ட் பண்ணிப் பாக்காம இருந்தீங்கன்னா பெரும்பாலும் போயிருக்காது. 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் சென்னையில எத்தனையோ வண்டி தண்ணில நின்னுச்சு, தண்ணி வடிஞ்ச உடனே செல்ஃப் அடிச்சவங்க வண்டிக்குத்தான் பெரிய செலவு வந்துச்சு. தண்ணியை அழுத்த முடியாது, பிஸ்டன் மேல வந்து முட்டும்போது கனெக்டிங் ராடு வளையும். பேட்டரி வயரைக் கழட்டி, பிளக்கைக் கழட்டி, கிக்கரை மெதுவா மிதிச்சு தண்ணியை வெளிய தள்ளணும். ஆயிலை வடிச்சா பால் டீ கலர்ல வரும், அது போற வரைக்கும் ரெண்டு மூணு தடவை ஆயில் மாத்தணும். பெட்ரோல் டேங்கையும் காலி பண்ணிடுங்க. இந்த மாதிரி வண்டியை பயந்து அடிமாட்டு விலைக்கு விக்காதீங்க. ஃபுல் இன்சூரன்ஸ் வச்சிருந்தா வண்டி தண்ணில நிக்கற ஃபோட்டோ எடுத்து கம்பெனிக்குச் சொல்லிடுங்க, ஆனா தண்ணியோட ஸ்டார்ட் பண்ணி ராடு வளைஞ்சதுக்கு இன்ஜின் புரொடெக்ட் கவர் இல்லைன்னா பொதுவா தர மாட்டாங்க.

வண்டிக்கு 15 வருஷம் ஆகப் போகுது. இதுல காசு போடலாமா?

15 வருஷம் முடிஞ்சா ஆர்.சி.யை ரினியூ பண்ணணும், பண்ணா 5 வருஷத்துக்கு வரும். பைக்குக்கு ரினியூவல் ஃபீஸ் 2022 ஏப்ரல்ல 300ல இருந்து 1,000 ஆச்சு, கிரீன் டாக்ஸ் தனி, வண்டியைக் கொண்டு போய் காட்டணும், லைட்டு ஹாரன் எல்லாம் வேலை செய்யணும். இந்தச் செலவையும் ரிப்பேர் கணக்கோட சேத்துப் போடுங்க. யமஹா ஆர்.எக்ஸ் 100 வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் வேற கணக்கு, 1996லயே தயாரிப்பு நின்னு போன வண்டி, பேப்பர் சுத்தமா இருந்தா ஜாம் ஆன நிலைமையிலயும் ஆள் தேடி வருவாங்க, அதைப் போர் பண்ணி வச்சுக்கறதுதான் என் கருத்து.

வித்துடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். என்ன கவனிக்கணும்?

பேர் மாத்தாம சாவி குடுக்காதீங்க. இதை எத்தனை தடவை வேணா சொல்வேன். "ஓடாத வண்டிதானே, ஸ்பேருக்குத்தானே எடுக்கறேன், பேரெல்லாம் எதுக்கு"ன்னு கேப்பாங்க. அந்த வண்டியை அவர் ரெடி பண்ணி இன்னொருத்தருக்கு வித்து அவர் ஒரு ஆக்சிடென்ட் பண்ணா, ஆர்.சி.ல இருக்கறது உங்க பேரு. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.ல பேர் இருக்கறவர்தான் ஓனர், நஷ்டஈடு அவர் பொறுப்புன்னு 2018ல சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லியிருக்கு. பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, 30ல கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு நிக்காம, வித்த 14 நாளைக்குள்ள ஆர்.டி.ஓ.க்குத் தெரியப்படுத்துங்க. லோன் போட்ட வண்டின்னா பேங்க்ல என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற கடிதம்) வாங்கி ஃபார்ம் 35 குடுத்து ஆர்.சி.ல இருக்கற ஹைபோதிகேஷனை (கடன் பதிவை) எடுத்துடணும், ஃபைன் ஏதாவது நிலுவையில இருக்கான்னு ஆன்லைன்ல பாத்துக் கட்டிடுங்க.

குறையை மறைக்காதீங்க. இன்னது போயிருக்கு, இவ்வளவு எஸ்டிமேட்னு அந்தப் பேப்பரையே காட்டுங்க, பயந்து கேக்கற விலையை விட தெரிஞ்சு கேக்கற விலை ஜாஸ்தியாத்தான் வரும், நம்மகிட்ட வாங்கறவரும் கஷ்டப்பட்டு சம்பாதிக்கறவர்தான்.

காயலான் கடைக்குப் போடறதா இருந்தா ஆர்.சி.யை கேன்சல் பண்ணணும், அதுக்கும் 14 நாள் கெடு இருக்கு. அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் சென்டர்ல குடுத்தா அதுக்கான சர்டிபிகேட் தருவாங்க. சும்மா இரும்பு விலைக்கு எடை போட்டுட்டு ஆர்.சி.யை பீரோல வச்சிருந்தா அந்த நம்பர் பிளேட் எங்க சுத்துதுன்னு உங்களுக்குத் தெரியாது.

ரெடி பண்ணியாச்சு, இனிமே எப்படி ஓட்டணும்?

முதல் 500 கிலோமீட்டர் 40, 45க்கு மேல போகாதீங்க, டபுள்ஸ் வச்சு மேடு ஏத்தாதீங்க, ஒரே ஸ்பீடுல ரொம்ப நேரமும் ஓட்டாதீங்க. 4 ஸ்ட்ரோக் பைக் கொஞ்சம் கொஞ்சமா ஆயில் குடிக்கும், சொட்டு சிந்தலைன்னாலும் குறையும், எங்க வண்டி போனதுக்குக் காரணமே 6 மாசம் ஆயில் அளவு காட்டற டிப் ஸ்டிக்கை யாரும் கழட்டிப் பாக்காததுதான். ஆயில் குறைஞ்சா பம்புல இருந்து தூரத்துல இருக்கற கேம் ஷாஃப்ட்தான் முதல்ல காயும், பிஸ்டன் அதுக்கடுத்தது. இப்ப அப்பா ஞாயித்துக்கிழமை காலையில வண்டியை சென்டர் ஸ்டாண்டு போட்டு துணியால துடைச்சு அளவு பாத்துட்டுத்தான் பேப்பர் படிக்க உக்காருவாரு. 500 கிலோமீட்டர்ல முதல் ஆயிலை வடிச்சுடுங்க, அதுல மெல்லிசா மினுமினுப்பு இருந்தா பயப்பட வேண்டாம், ரிங்கும் போரும் ஒண்ணோட ஒண்ணு உக்காரும்போது வர்ற பொடிதான் அது. ரெண்டாவது தடவை ஆயில் மாத்தும்போதும் அதே மினுமினுப்பு இருந்துச்சுன்னா அந்த ஆயிலை ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு வண்டியோட பட்டறைக்குப் போங்க.